கடுகு வெடிக்காத கோடை

தம்பி, உள்ளே ஆளை அனுப்பிட்டு நிக்கிறீங்களா? இந்தப் பக்கம் வாங்க. அந்த மரத்து நிழல் இன்னும் கொஞ்ச நேரத்துல ரோட்டுக்குப் போயிடும். இந்தச் சுவரோரம் பரீட்சை முடியிற வரைக்கும் வெயில் வராது. போன தடவையும் எங்களுக்கு இதே பள்ளிக்கூடம்தான். எனக்கு இங்க எல்லா நிழலும் தெரியும்.

கையில என்ன, வடையா? வேணாம் தம்பி. முன்னப்பின்ன தெரியாதவன் சொல்றானேன்னு நினைக்காதீங்க. கத்திரி வெயில்ல எண்ணெய்ப் பலகாரம் வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்னு நான் மூணு வாரமாப் பாடம் படிச்சிருக்கேன். இந்தாங்க, மோர். நான் வாய் வைக்கலை, தூக்கித்தான் குடிச்சேன். உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். தாளிக்கலை. எங்க வீட்டுல மூணு வாரமா ஒரு கடுகு வெடிக்கலை.

ஏன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வேற என்ன செய்யப்போறோம்?

ஆத்தா வந்திருந்தா. என் வீட்டுக்காரிக்கு. அம்மை.

அட, ஏன் நகர்றீங்க? நேத்தே மூணாந்தண்ணி ஊத்தியாச்சு. பயப்படாமக் குடிங்க. மோர் நான் கடைஞ்சது, அவ இல்லை.

எந்த ஊரு தம்பி? ராமநாதபுரம் பக்கமா? சரி. நான் விருதுநகர். லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன். பேரு கனகவேல். உள்ளே எழுதுறவ பேரு ஜெயக்கொடி. பி.எஸ்சி. படிச்சவ. இந்த அரசாங்க வேலைப் பரீட்சைக்கு இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை விண்ணப்பம் போட்டிருக்கா. முதல் தடவை அன்னைக்குப் பார்த்து எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து, எழுதப் போக முடியலை. அடுத்த தடவை எழுதினா, கொஞ்ச மார்க்குல போச்சு. நான் ஒண்ணும் தடுக்கிறவன் இல்லை. படி, தாராளமாப் படின்னுதான் சொல்லுவேன். வீட்டு வேலையை முடிச்சிட்டு உக்காந்து படி, யாரு வேணாம்னான்னு சொல்லுவேன். அவளும் வேலையை முடிச்சிட்டு உக்காருவா. உக்காந்ததும் தூங்கிடுவா. புத்தகம் மடியில கிடக்கும். அதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?

இந்த வருஷம் ஹால் டிக்கெட் வந்த அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா. “என்னங்க, இதுதான் கடைசி. இதுலயும் போச்சுன்னா அந்த நீலப் பையைத் தூக்கிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுங்க.” அவ புத்தகமெல்லாம் அந்தப் பையிலதான் இருக்கும். கோவமாச் சொல்லலை. சாம்பாருக்கு உப்புப் பாருங்கன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா. அதனால நானும் பெருசா எடுத்துக்கலை.

பரீட்சை மே மாசக் கடைசியில. மே மாசம்னா எங்க பேச்சியக்கா திருப்பூர்லருந்து பிள்ளைங்களோட வந்துடுவா. அவளுக்கு மூணு, எங்களுக்கு ரெண்டு. அஞ்சும் சேர்ந்தா அது வீடா, பஸ் ஸ்டாண்டு. எனக்கு அது பிடிக்கும். வாசல்ல செருப்பு குவிஞ்சு கிடந்தாத்தான் வீடுங்கிறவன் நான். காலையில ஒருத்தனுக்குத் தோசை, ஒருத்திக்குப் பூரி. மத்தியானம் அக்காவுக்கு மீன் இல்லாம இறங்காது. சாயங்காலம் பஜ்ஜி. சனிக்கிழமையானா மச்சான் கறி எடுத்துக்கிட்டு வந்துடுவாரு. ஆனா ஒரு நேரத்துல ஒருத்தரும் உக்கார மாட்டோம். ஒருத்தன் டிவி முன்னாடி, ஒருத்தி கட்டில்ல, நான் வாசல்ல காத்தாட. ஜெயக்கொடி அடுப்படியிலருந்து கொண்டுவந்து கொண்டுவந்து வைப்பா. அவ எப்பச் சாப்பிட்டான்னு... சாப்பிட்டிருப்பா. ஆள் நல்லாத்தான் இருந்தா.

அக்கா வந்து நாலஞ்சு நாள் இருக்கும். மத்தியானம். ஜெயக்கொடி மீன் பொரிச்சுக்கிட்டிருந்தா. எங்களது தளம் போட்ட வீடு தம்பி, மேல மொட்டை மாடி. கத்திரியில அந்த அடுப்படிக்குள்ள போனா இட்லிப் பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி. நான் தண்ணி குடிக்கப் போனேன். பார்த்தா, அவ கழுத்து, முதுகெல்லாம் செக்கச்செவேல்னு பொரிப்பொரியா.

“இது என்ன ஜெயக்கொடி?”

“வேர்க்குருங்க. தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்.”

“வேர்க்குரு இப்படியா இருக்கும்?”

“இப்படித்தாங்க இருக்கும். வருஷா வருஷம் வருது. பவுடர் போட்டா அமுங்கிடும்.”

“வாயைக் கழுவு. ஆத்தாளைப் போயி வேர்க்குருங்கிற! பவுடரைத் தொடாதே. முதல்ல அடுப்பை அமத்து. இனிமே நீ இந்தப் பக்கமே வரக்கூடாது. தனி ரூம்ல படுத்துக்கணும். ஒரு ஆளு உன்னைத் தொந்தரவு பண்ணக்கூடாது.”

கரண்டியைப் பிடிச்சபடியே நின்னா. சட்டியில மீன் கருகுது, அவ என் முகத்தையே பார்க்கிறா. அப்புறம் கையை முந்தானையில துடைச்சிட்டு, ரொம்பப் பதமா, “இருந்தாலும் இருக்குங்க. நேத்துலருந்தே உடம்பு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு”ன்னா.

பார்த்தீங்களா? ஆத்தா இறங்கினா முகத்துல ஒரு அமைதி வரும்னு சொல்லுவாங்க. நான் கண்ணால பார்த்தேன்.

எங்க பக்கம் இதுல ரொம்பக் கண்டிப்பு. வாசல்ல வேப்பிலை கட்டிட்டா வெளியாள் உள்ளே வரமாட்டான், உள்ளே இருக்கிறவன் மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் ஊருக்குக் கிளம்ப மாட்டான். தாளிப்பு கிடையாது, வறுக்கிறது பொரிக்கிறது கிடையாது, கறி மீன் பேச்சே எடுக்கக்கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டா ஆத்தா உடம்புல இன்னும் ரெண்டு முத்துப் போடுவா. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. அம்மை கண்டவங்க வாய்விட்டு எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லக்கூடாது. கேக்கிறது அவங்க இல்லை, அவ.

முதலாளிக்குப் போன் போட்டேன். “கனகவேல், நீ இந்தத் திசையிலேயே தலைகாட்டாதே”ன்னு வச்சிட்டாரு. சரின்னு, குளிச்சிட்டு வேப்பங்கொத்தோட ரூமு வாசல்ல போயி நின்னேன். “தாயே, என்ன வேணும்?”னு கேட்டேன். கல்யாணமானதுலருந்து அவகிட்ட நான் அப்படிக் கேட்டதில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

“அந்த நீலப் பை”ன்னு உள்ளேயிருந்து வந்துச்சு.

அம்மையில படிச்சா கண்ணுக்கு ஆகாதேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆனா மறுக்க முடியுமா? ஆத்தாளுக்கும் இந்த அரசியல் சட்டம், பூகோளமெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்காதா? தூக்கிக் குடுத்துட்டேன்.

எங்க அக்கா முதல்ல நம்பலை. “ஏலே கனகு, இது வேர்க்குருடா. எனக்கே இடுப்புல இருக்கு”ன்னா. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். “நம்பாட்டிப் போ. வாயை மூடிக்கிட்டு நம்பாம இரு”ன்னேன். அவளால கூழைக் குடிச்சிட்டு இருக்க முடியலை. மறுநாள் எல்லாரும் அசந்த நேரமாப் பார்த்து, கொல்லையில மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பத்தவச்சு மோர்மிளகாய் பொரிச்சிருக்கா. கமறல் வீடு பூரா ஏறிருச்சு. பிள்ளைங்க அஞ்சும் இருமுது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துச்சு பாருங்க.

“யாரு அங்க எண்ணெய்ச் சட்டி வச்சது?”

தம்பி, அது ஜெயக்கொடி குரலே இல்லை. எங்க அக்காகிட்ட அவ, “மதினி, இன்னொரு துண்டு மீன் வைக்கவா”ங்கிறதுக்கு மேல சத்தமாப் பேசினதில்லை. அக்கா பதறிப்போயிக் கரண்டியை விட்டா. எண்ணெய் மணிக்கட்டுல தெறிச்சிருச்சு. ஓடிவந்து ரூமு வாசல்ல விழுந்தா. “தாயே, தெரியாமச் செஞ்சிட்டேன். நாக்கு கேட்டுச்சு தாயே.”

உள்ளேயிருந்து, “கையைப் பச்சைத்தண்ணியில வைங்க மதினி”ன்னு வந்துச்சு. “நாளையிலருந்து வெள்ளரிக்காய் நீங்களே நறுக்கிடுங்க.”

அன்னையிலருந்து அக்கா நம்பிட்டா. என்னைவிட அதிகமா நம்பிட்டா.

சமையல் நானும் அக்காவும். காலையில கம்மங்கூழ். மத்தியானம் குழைய வேகவச்ச பாசிப்பருப்பு, அவிச்ச கீரை, மோர். சாயங்காலம் நுங்கோ தர்பூசணியோ. முதல் நாள் நான் காய்ச்சின கூழ் கோலிக்குண்டு கோலிக்குண்டா வந்துச்சு. அக்காவோட சின்னவன் ஒண்ணை எடுத்து உருட்டியே விளையாண்டான். உள்ளேயிருந்து குரல்: “மாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சிட்டு அப்புறம் அடுப்புல ஏத்துங்க. கிண்டுற கையை எடுக்காதீங்க.” ஆத்தாளுக்குத் தெரியாதது உண்டா? கீரையை மூடி போட்டு அவிச்சாக் கறுத்துப்போகும்னுகூட அவதான் சொன்னா.

டிவி சத்தம் ஆகாதுன்னு சொல்லிட்டதால பிள்ளைங்களுக்குப் போக்கிடம் இல்லை. சட்டியைக் கொண்டாந்து நடுக்கூடத்துல வச்சா சுத்தி உக்காந்துடுதுங்க. நானும் அக்காவும் உக்காந்துட்டோம். ஒரே சட்டி, ஒரே நேரம். அக்காவோட பெரியவன் என்னையே உத்துப் பார்த்துட்டு, “மாமா, உங்களுக்கு இந்தப் பல்லு எப்பப் போச்சு?”ங்கிறான். அது போயி மூணு வருஷமாச்சு. அன்னைக்குத்தான் பார்த்திருக்கான்.

உடம்பைச் சொல்லுங்க. போன வருஷம் இதே மே மாசம் ரெண்டு பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு, ஆஸ்பத்திரியில படுக்க வச்சுக் குளுக்கோஸ் ஏத்தினோம். இந்த வருஷம் ஒரு தும்மல் இல்லை. அக்கா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குவா, இப்ப விறுவிறுன்னு ஏறுறா. எனக்கு ராத்திரியில நெஞ்சைக் கரிச்சுக்கிட்டே இருக்கும், அது எங்க போச்சுன்னு தெரியலை. அதான் சொல்றேன், அந்த வடையை அந்தக் காக்காய்க்குப் போடுங்க.

நடுவுல சுகாதார நிலையத்துலருந்து நர்ஸம்மா வந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டிருக்கா. உள்ளே போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல சிரிப்புச் சத்தம் கேக்குது. “அம்மை கண்ட வீட்டுல சிரிக்கலாமா?”ன்னு அக்கா கேட்டா. ஆத்தாளே சிரிச்சா நாம என்ன பண்றதுன்னேன். நர்ஸம்மா வெளிய வந்து, “அடுப்பு வெக்கை ஆகவே ஆகாது. நல்லா ஓய்வு குடுங்க. எல்லாரும் தண்ணி நிறையக் குடிங்க, மத்தியான வெயில்ல சுத்தாதீங்க”ன்னாங்க.

“மாத்திரை ஒண்ணும் இல்லையாம்மா?”ன்னேன்.

“இதுக்கு மாத்திரை கிடையாதுங்க”ன்னு சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு வண்டி ஏறிட்டாங்க. படிச்சவங்க வாயாலேயே வந்துருச்சு பாருங்க, இதுக்கு மாத்திரை கிடையாதுன்னு.

அப்புறம் எனக்கு ஒரு வேலை சேர்ந்துச்சு. வேப்பங்கொத்தால விசிறிக்கிட்டே கேள்வியை வாசிக்கிற வேலை. ஆத்தா கேட்டா. முதல் நாள் கொட்டாவி வந்துச்சு. போகப்போக ருசி கண்டுருச்சு. என்னை எது வேணாலும் கேளுங்க தம்பி. நீதிப்பேராணை எத்தனை? அஞ்சு. முதல்ல ஆட்கொணர்வு. இருக்கிற ஆளை எங்கேயாவது அடைச்சு வச்சிருந்தா, கொண்டாந்து நிறுத்துன்னு கோர்ட்டு சொல்றது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருச்சு. ஜெயக்கொடி ஒரு கேள்விகூட விடமாட்டா. நான் பாதி வாசிக்கிறப்பவே பதில் வந்துடும். இவ்வளவும் தலைக்குள்ள வச்சுக்கிட்டா அத்தனை மீனையும் பொரிச்சான்னு தோணும். தோணிட்டு, அடுத்த கேள்வியை வாசிப்பேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அடுப்படியில நின்னு நின்னு எனக்கும் கழுத்து, முதுகெல்லாம் பொரிப்பொரியா வந்துருச்சு. கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அச்சு அசல் அதே மாதிரி. ஆனா அது வேர்க்குரு. பவுடர் போட்டேன், அமுங்கிருச்சு. அது வேற, இது வேற.

என்ன தம்பி, புரையேறிருச்சா? மெல்லக் குடிங்க.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அக்கா ஆரம்பிச்சா. பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல இருக்கு. “ஏலே, அவ உடம்பு தெளிஞ்சு பளிங்கு மாதிரி இருக்கு. நாளைக்கே முதல் தண்ணியை ஊத்துவோம். சனிக்கிழமை மச்சான் கறியோட வர்றாராம். மனுஷன் நாக்கு செத்துக் கிடக்காரு. அவ கையால ஒரு குழம்பு வைக்கட்டும், எல்லாருக்கும் தெம்பா இருக்கும்.”

கதவு திறந்துதான் இருந்துச்சு. ஜெயக்கொடி காதுல விழுந்திருச்சு. வாசிச்சுக்கிட்டிருந்த பக்கத்தை மடிச்சா. புத்தகத்தைப் பையில வச்சா. அவுந்து கிடந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டா. அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி அவ எப்பவும் செய்யிறது அது. எத்தனையோ வருஷமாச் செய்யிறா, நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

எந்திரிச்சு உள்ளே போனேன். அவ பின்கழுத்தைப் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். வெளிய வந்து, “இன்னும் ஒரு முத்து காயலை”ன்னேன்.

“எங்க, நான் பார்க்கிறேன்”னா அக்கா.

“உனக்குத் தெரியாது. கண்ணாடியைத் திருப்பூர்லயே வச்சிட்டு வந்து நிக்கிற. முத்து இருக்கையில தண்ணி ஊத்தினா வீட்டுக்கு ஆகுமா? மணிக்கட்டைப் பாரு, இன்னும் புண்ணு ஆறலை. அடுத்தது முகத்துல தெறிக்கணுமா?”

அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டு வெள்ளரிக்காய் நறுக்கப் போயிட்டா. ஜெயக்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நான் வேப்பங்கொத்தை எடுத்து வீசிக்கிட்டே, “நூத்திப் பன்னிரண்டாவது கேள்வி”ன்னேன். அவ கொண்டையை அவுத்துவிட்டுட்டுப் புத்தகத்தை எடுத்தா.

இருந்துச்சு தம்பி. ஒரு முத்து. சின்னது.

மச்சான் சொன்னபடி சனிக்கிழமை வந்துட்டாரு. ரெண்டு கிலோ கறியோட தெருவுல நிக்கிறாரு, வேப்பிலையைத் தாண்ட மாட்டேங்கிறாரு. “மாப்ள, கறியை உள்ளே வாங்கிக்கிட்டுக் குழம்பை மட்டும் வெளிய குடுத்துவிடேன்”ங்கிறாரு. நான் ஒரு சொம்புக் கூழைக் கேட்டுக்கு மேலால குடுத்தேன். நின்னபடியே குடிச்சிட்டு, “ஊறுகாயாவது இருக்கா?”ன்னாரு. இருந்துச்சு. குடுக்கலை.

அந்த ஒரு முத்து இந்த வாரம்தான் உதிர்ந்துச்சு. மூணு தண்ணியும் ஊத்தி முடிக்கவும் பரீட்சை வரவும் சரியா இருந்துச்சு. எல்லாம் அவ கணக்கு. நேத்து சாயங்காலமே அக்கா பிள்ளைங்களோட பஸ் ஏறிட்டா. ஏறுறப்ப ஜெயக்கொடி கையைப் பிடிச்சுக்கிட்டு, “ஆத்தா உன்மேல இருந்தப்ப நான் ஏதாவது பேசியிருந்தா மனசுல வச்சுக்காதே”ன்னு சொல்லிட்டுப் போறா.

இன்னைக்குக் காலையில அவளே கூழ் காய்ச்ச எந்திரிச்சா. உக்காருன்னேன். பரீட்சைக்குப் போறவ. நான் காய்ச்சிக் குடுத்தேன், கட்டி விழலை. பஸ்ல வர்றப்ப, “பயமா இருக்கா?”ன்னு கேட்டேன். “இல்லைங்க. இந்தத் தடவைதான் நான் படிச்சிட்டுப் போறேன்”னா. அப்ப மத்த தடவையெல்லாம் என்ன பண்ணினாளோ, தெரியலை. நான் தடுக்கலை தம்பி. அதை மட்டும் சொல்லிக்கிறேன்.

ஒரு சிக்கல் என்னன்னா, இதோட முடியலையாம். இதுல தேறினா மெயின் பரீட்சைன்னு ஒண்ணு இருக்காம். பக்கம் பக்கமா எழுதணுமாம், இதைவிட அதிகமாப் படிக்கணுமாம். அது ஐப்பசியில வரும்னு பேசிக்கிறாங்க. ஐப்பசின்னா தீபாவளி. அக்கா வருவா, மச்சான் வருவாரு, அவ வீட்டுப் பக்கமிருந்தும் ஆள் வரும். முறுக்கு, அதிரசம்னு எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. யாரையும் வராதேன்னு என்னால சொல்ல முடியாது, என் வாய் அப்படிப் பழகலை. ஆத்தாளைத்தான் நம்பணும். ஆனா அடைமழையில ஆத்தா எங்க இறங்குவா? அவளுக்கு வெயில்தான் காலம். ஐப்பசியில வேர்க்குருகூட வராது.

மணி அடிச்சிட்டான். கேட்டைத் திறக்கிறாங்க. உங்க வீட்டம்மா எந்தச் சேலை? இருங்க, அதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். உங்க ராமநாதபுரம் பக்கம் மழைக்காலத்துல வர்ற மாதிரி ஏதாவது உண்டா? காய்ச்சல் வேணாம். காய்ச்சல்னா எங்க அக்கா ரெண்டு மாத்திரையைக் குடுத்து மறுநாளே எந்திரிக்க வச்சிருவா. வாசல்ல ஏதாவது ஒரு இலையைக் கட்டுற மாதிரி இருக்கணும். அவங்க அடுப்பைத் தொடக்கூடாது, கேட்டதைக் குடுக்கணும்னு இருக்கணும். பெரியவங்க யாராவது சொல்லியிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. அந்தா, பச்சைச் சேலை, சிரிச்சுக்கிட்டு வர்றாளே, அவதான் ஜெயக்கொடி. சீக்கிரம் சொல்லுங்க தம்பி, கிட்ட வந்துட்டா.